அகலம் எழுபத்திரண்டு அங்குலம்

முதல் மென்பொருள் இலவசம்,
ஐம்பது துண்டு வரைக்கும்.
ஐம்பத்தொன்றாவது தண்டவாளத்தைத் தொட்டதும்
பணம் கேட்டு ஒரு கட்டம் திறந்தது.
ஊத்துக்குளி ஸ்டேஷனின் இரண்டாம் நடைமேடை
பாதியில் நின்றது.

இரண்டாவது அழகி.
மரம் நடலாம், நிழல் விழும்,
எஞ்சினுக்குள் உட்கார்ந்து பார்த்தபடியே போகலாம்.
பட்டியலில் பைன் உண்டு, ஓக் உண்டு.
வேலமரம் இல்லை.
பனை என்று தேடியதற்கு
கடற்கரை ஹோட்டல் வாசலில் நிற்கிற
ஏதோ ஒன்றைக் கொடுத்தது.

மூன்றாவது எதையும் காட்டாது.
கறுப்புத் திரை, வெள்ளைக் கோடு.
ஆனால் வளைவை அளவுக்கு மேல் நெருக்கினால்
கோடு சிவக்கும்,
பெட்டி கவிழும் என்று.

இருபது வருஷமாகப்
பனியன் துணிக்கு மார்க்கர் போடுகிறேன்.
கழுத்து வளைவை எதுவரை நெருக்கலாம் என்பது
எனக்கும் தெரியும்.
முன்துண்டின் இடுக்கில் கைத்துண்டைச் செருகி
முதலாளிக்கு நூற்றுக்கு இரண்டு மிச்சம் பிடித்தவள்.
ஆனாலும்
ஒரு கிலோமீட்டர் பாதை
நூற்றறுபதில் ஒன்றாகச் சுருங்கியும்
ஆறேகால் மீட்டர்.
அறை மூன்றரை.
துணியென்றால் கொஞ்சம் இழுத்துவிடலாம்.

திருப்பூரையே தூக்கிவிட்டேன்.
தினம் பார்க்கிற ஊர்தானே.
ஊத்துக்குளிக்கு அடுத்தது வஞ்சிபாளையம்.

"கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு
அதுக்குத் தெரியுமா?" என்றார் மோகன்ராசு,
தேங்காய் துருவிக்கொண்டே.

மூன்றுக்கும் தெரியாது.
கதவு திறக்கும் வழியை
ஒரு வளைவாக வரைந்து வைத்தேன்.
மூன்றாவது அதையும் பாதை என்று நம்பி
சரக்கு ரயிலை ஓட்டிப் பார்த்தது.

சனிக்கிழமை ராத்திரி,
கம்பெனி பிளாட்டரில் கொடுத்தேன்,
ஒன்றுக்கு ஒன்று.
எழுபத்திரண்டு அங்குலத் தாள்
சரசரவென இறங்கியது.
கட்டிங் மாஸ்டர் ரங்கதுரை எட்டிப் பார்த்தான்:
"என்னுங்க்கா, எந்த பையருக்கு?
கையும் இல்ல, கழுத்தும் இல்ல."
சாம்பிள்தான் என்றேன்.
தாளுக்கான காசை எழுதி வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில்
இரண்டு தாளை ஒட்டித் தரையில் விரித்து
செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன்.
ஊத்துக்குளியிலிருந்து வஞ்சிபாளையம்
நாலு எட்டு.

சுவரோரம் ஒரு மறைவுப் பாதை,
மூன்று ரயில்கள் முறை வரக் காத்திருக்கும் இடம்.
மேசை விளிம்பு என்று முக்காலியை நிறுத்தி
அதன் மேல் வயிறு அழுந்த
கையை நீட்டினேன்.
டேப்பில் என் கை இருபத்தாறு.
பாதை முப்பத்திநாலில்.
அங்கே தடம்புரள்கிற ரயில்
தடம்புரண்டபடியே கிடக்க வேண்டியதுதான்.

அழகி இதைச் சொல்லவில்லை.
மூன்றாவதும் சொல்லவில்லை.
ஆனால் அதன் அட்டவணையின் அடியில்
ஒரு காலிக் கட்டம் இருந்தது.
பெயரையும் எண்ணையும்
நாமே போட்டுக்கொள்ளலாம்.

கை, இருபத்தாறு
என்று தட்டினேன்.
பின்சுவர் முழுக்கச் சிவந்தது.

அப்போதே பணம் கட்டினேன்.

மோகன்ராசு
கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திருப்ப
எவ்வளவு ஆகும் என்று
ஆசாரியிடம் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.
எதற்கு என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.
"ரயில் வருதுங்க" என்கிறார் இவர்.