அக்னி மூலை

மாப்பிள்ளை வீட்டார் மேடையைப் பார்ப்பார்கள்,
பெண் வீட்டார் பந்திக்கூடத்தை.
நான் கீலைப் பார்ப்பேன்,
கதவு எந்தப் பக்கம் திறக்கிறதென்று.

மஞ்சக்குப்பத்தில் புது மண்டபம்.
எழுநூறு பேர் உட்கார, முந்நூறு பேர் உண்ண.
உரிமையாளர் கலியமூர்த்தி
ஏலக்காய் டீயோடு வந்தார்.
'சாருக்கு எதுக்கு சிரமம்?
ஏசி ரூம்லயே உக்காந்து எழுதிடலாமே.'
டேப்பின் ஒரு நுனியை அவர் கையில் கொடுத்தேன்.
நடந்தோம்.

படிக்கட்டு ஒன்றேகால் மீட்டர்.
இருக்கவேண்டியது இரண்டு.
அதன் அடியில் ஒன்பது சிலிண்டர்,
மேலே போர்த்திய ஜமுக்காளம்.
தீயணைப்பான்களில் சிவப்பு பளபளத்தது,
முள் மட்டும் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தது.
மணல் வாளியில் வெற்றிலை எச்சில்.
பின்கதவுக்குப் பூட்டு. ஒன்றல்ல, இரண்டு.
'தொறந்து வச்சா அழைக்காதவன்லாம்
வந்து சாப்ட்டுட்டுப் போயிடறான் சார்.'

வரைபடத்தில் தென்கிழக்கே ஒரு கதவு உண்டு.
போய்ப் பார்த்தால் சுவர்,
சுவரில் வரைந்த வாழைமரம்.
'அக்னி மூலையில வாசல் ஆகாதுன்னுட்டார்
வாஸ்துக்காரர்.'
அவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.
என் கட்டணத்தைப் போல ஆறு மடங்கு.

முப்பத்திரண்டு வருஷம் நெருப்போடு பழகியிருக்கிறேன்.
அதற்குத் திசை தெரியாது,
காற்று எங்கே என்று தெரியும்.

முதுநகரில் வலைக்கிடங்கு எரிந்த இரவு
வண்டியை ஓட்டியவன் இருதயராஜ்.
சந்து குறுகல். பின்னால் எடுத்து, முன்னால் எடுத்து,
ஒரு சைக்கிள் கடையின் கூரையைப் பெயர்த்துக்கொண்டுதான்
உள்ளே விட்டான்.
நைலான் உருகிச் சொட்டுகிற சத்தம்
மழை போலவே இருக்கும்.
கோடாலியால் கதவைப் பிளக்க நாற்பது நொடி.
மரத்தில் ஒரு கருகல்கூட இல்லை.
பூட்டும் இல்லை.
உள்பக்கம் இழுத்தால் திறக்கிற கதவு.
உள்ளிருந்தவர்கள் தள்ளியிருக்கிறார்கள்,
ஒருவர் மேல் ஒருவராக.
அதற்கு மேல் அறிக்கையில் நான் எழுதவில்லை.
இங்கும் எழுதப்போவதில்லை.
கீல் அன்றைய விலைக்குப் பதினாறு ரூபாய்,
திருகாணி தனி.

கலியமூர்த்திக்குப் பதினொரு குறைகள் எழுதினேன்.
அவர் வாதாடவில்லை.
காப்பி டம்ளரை வைக்கிற மாதிரி
மெதுவாக மேஜையில் வைத்தார்.
அடுத்த மாதம் வேறு யாரோ கையெழுத்துப் போட்டார்,
மண்டபத்துக்கு வாழை கட்டினார்கள்.

தை மாதம் இருதயராஜ் பத்திரிகையோடு வந்தான்.
மகளுக்குக் கல்யாணம்,
சர்ச்சில் ஓலை படித்தாகிவிட்டது,
வரவேற்பு மஞ்சக்குப்பத்தில்.
'நீங்க அளந்து பாத்த மண்டபம்னு ஓனர் சொன்னார் சார்.
அதான் தைரியமாப் புடிச்சேன்.'
அளந்தது உண்மைதான்.
முன்பணத்துக்கு அவன்
பிஎஃப்பில் எடுத்திருந்தான்.
'நல்லா செய்' என்றேன்.
வேறென்னவோ சொல்ல எழுந்த வாய்தான் அது.

வரவேற்பன்று ஆறு மணிக்கே போய்விட்டேன்.
வாட்ச்மேன் கோலப்பனிடம் பூட்டுச் சாவிகளைக் கேட்டேன்.
கொடுக்கவில்லை.
இருநூறு ரூபாய் கொடுத்தேன், கொடுத்தான்.
இரண்டு பூட்டையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
பின்கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.
பை கனத்து ஒரு பக்கம் இழுத்தது.
மேடையில் பெண் எப்படி இருந்தாள் என்று தெரியாது,
மனைவி சொல்லித்தான் தெரியும்,
வெண்பட்டாம்.
'சாப்பிட வாங்க' என்று மூன்று தரம் வந்தாள்,
மூன்றாவது தரம் வெறும் முறைப்பு.

ஒன்பது மணி இருக்கும்.
வெளியிலிருந்து தாழ்ப்பாளை யாரோ நெருடினார்கள்.
பிறகு ஒரு தலை.
அழுக்கு லுங்கி, தண்ணீர் தொட்டு வாரிய முடி,
யாருடைய விருந்தும் இல்லை அவன்.
என்னைப் பார்த்ததும் பாதியில் நின்றான்.
'வாப்பா' என்றேன்.
பிரியாணி தீர்வதற்குள் போகச் சொன்னேன்.

அவன் கதவைத் தள்ளினான்.
கடற்காற்றில் துருவேறிய கீல் முனகியது.
அது உள்ளே திறக்க
நான் நாற்காலியோடு எழுந்து
இரண்டடி பின்னால் போகவேண்டியிருந்தது.