ஈ 330

பீல் நகரத்தில் தண்ணீரும் பாதி கல்.
ஜூரா மலையின் சுண்ணாம்பைச் சுமந்துகொண்டே
குழாய்க்குள் இறங்குகிறது.
அதைப் புளிக்கவைக்கக் கொஞ்சம் கூடவே கொட்டவேண்டும்.
முதல் பிடியைக் கல் தின்றுவிடும்,
அடுத்ததுதான் நாக்குக்கு.

இருபத்தைந்து கிலோ மூட்டை. மேலே
ஈ 330.
ஒரு ஈயும் மொய்க்காத பொருளுக்கு
இப்படி ஒரு பேரா என்று
முதல் வாரம் தனியே சிரித்தேன்.

போத்தலின் படத்தில் இலையோடு எலுமிச்சை.
மூட்டைக்குள் இருப்பது
எலுமிச்சையைக் கண்டதே இல்லை.
கறுப்புப் பூஞ்சணம் ஒன்று
சீனிப்பாகைக் குடித்துவிட்டு வியர்த்த வியர்வை
என்றாள் ஆய்வுகூடத்து ரெகுலா,
யாருக்கோ பிள்ளை பிறந்த செய்திபோல.

விரலில் தாள் கிழித்த கோடு இருந்தால்
கையுறைக்குள்ளும் தேடி வந்து தொடும்.
எனக்குத் தெரியாத காயங்கள்
அதற்குத் தெரியும்.

பெப்ரவரியில், ஓர் இரவு வேலையில்
பக்கத்து அடுக்கின் 296ஐ அவிழ்த்துவிட்டேன்.
அப்பிள் புளிப்பு.
அதுவும் வெள்ளை, அதுவும் தூள்.
நாலாயிரம் லீற்றர் சுழன்று முடித்தபின்
வெறும் மூட்டையின் எண்ணைப் பார்த்தேன்.
வயிற்றில் புளியைக் கரைத்தது.
இந்த வேலையில் இருந்துகொண்டு
வேறெப்படிச் சொல்ல?

அமிலமானிக்கு ஒரு புகாரும் இல்லை.
ரெகுலா ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு
காத்திருந்தாள்.
இன்னும் காத்திருந்தாள்.
"போகமாட்டேன் என்கிறதே."

330 கதவில் அறைந்துவிட்டு ஓடுகிற பொடியன்.
இது
வந்த காரியத்தைச் சொல்லாமல்
விடியும்வரை உட்கார்ந்திருக்கிற விருந்தாளி.

சோடா போட்டுச் சாந்தப்படுத்தி
வடிகாலில் விட்டார்கள். நுரைத்தது, நுரைத்தது,
காலை வேலையாட்கள் வந்து பார்க்கும்வரை நுரைத்தது.
இரண்டு மொழிப் படிவத்தில்
காரணம் என்ற கட்டத்தில்
"வெள்ளை" என்று எழுதினேன்.
பேயாட் எஷ்லிமான் அதை அடித்துவிட்டு
"கவனக்குறைவு" என்று எழுதினார்.
இரண்டும் சரிதான்.

சீனி சேருமுன் பிடித்த ஒரு போத்தல்
என் பையில் இருந்தது. ஏன் பிடித்தேன்?
தெரியாது.

வீட்டுக் கேத்தலின் அடியில் எப்போதும் வெள்ளைப் பொருக்கு.
மாதம் ஒருமுறை
ஒரு கரண்டி 330 போட்டுக் கொதிக்கவைப்பேன்.
அந்த ஞாயிறு போத்தலைக் கவிழ்த்தேன்.
கல் எண் பார்க்கவில்லை.
சிணுங்கிச் சிணுங்கிக் கரைந்தது.

மூன்று தரம் கழுவினேன்.
மறுநாள் தேநீரை வைத்துவிட்டுக் குகநேசன்
நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிப் பார்த்தார்.
"என்ன?" என்றேன்.
"ஒன்றுமில்லை" என்றார்.
ஆனாலும்
கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.