ஏழரை மணி வரை

அக்டோபர் புதன்கிழமை. வடக்குக் காற்று
மதியத்துக்குள்ளேயே மெல்போர்னின் மேற்குத் தெருக்களில்
மரத்துகளை வாரி இறைத்திருந்தது.
தும்மிக்கொண்டே வந்து சேர்ந்தோம்
ரயில்வே மதுக்கூடத்தின் பின்னறைக்கு, அதே மேசைக்கு.
அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ள இன்றே கடைசி.
ஏழரைக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

பியர் அட்டையின் முதுகில் விளாடோ கணக்கெழுதுகிறார்:
நம் முதல் சுற்றுத் தேர்வைக் கொடு,
அந்தச் சுருட்டைமுடிப் பையனையும் சேர்த்துக் கொடு,
ட்ரெவாஸ்கிஸை வாங்கு.
இரண்டு மீட்டர் மூன்று சென்டிமீட்டர் உயரம்.
நடுவர் பந்தை மேலே எறிந்தால்
முதலில் தொடுவது அவன் கைதான்.

"யானை விலை" என்கிறாள் நெரிடா.
"யானையைத்தானே வாங்குகிறோம்?"

டிமோஸ் மஃப்ளரைக் கழற்றி மேசையில் வைத்தார்.
"சுருட்டைமுடி ஞாயிறுதோறும் என் கடையில்
ரொட்டி வாங்குகிறவன். இரண்டு, எள் போட்டது.
தோற்ற மறுநாளும் வருவான்.
அவனை விற்க நீ யார்?"
"பதினேழு வருடமாகக் கோப்பை இல்லை, டிமோஸ்.
எள்ளு ரொட்டியைக் கோப்பையில் வைத்தா தூக்குவது?"

நான் சிப்ஸ் தட்டின் அடியில்
உப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் முன்பு, செவ்வாய் இரவு,
ஸ்கேன் மையத்தின் பின்வாசல் வழியாக
தொப்பியை இறக்கிக்கொண்டு ஒருவன் வந்தான்.
படிவத்தில் வேறு பெயர்.
பாதங்கள் படுக்கையைத் தாண்டி அந்தரத்தில் நின்றன.
அடியில் நுரைத் திண்டு வைத்தேன்.
அரை மணி நேரம் இயந்திரம் சுத்தியலாய் அடித்தது.
திரையில் இடது முழங்கால்
சாம்பல் துண்டு துண்டாய் வந்தது:
குருத்தெலும்பு இருக்கவேண்டிய இடத்தில்
தேய்ந்த டயரின் நூல்.
"ஏதாவது தெரிகிறதா?" என்றான்.
எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னேன்:
"டாக்டர் சொல்வார்."
அவன் காலணி நாடாவை
வெகுநேரம் கட்டினான்.

"மெரில், வாயில் என்ன கொழுக்கட்டையா?
நீ சொல், வேண்டுமா வேண்டாமா?"

சொன்னேன்.
அவனுக்கு நம் ஊர் மழை பிடிக்காது என்றேன்.
மனைவியின் வீடு பெர்த்தில் இருக்கிறது,
ஒரு வருடத்தில் ஓடிவிடுவான் என்றேன்.
கீலாங்கில் ஒரு குழந்தைக்குக்
கையெழுத்துப் போடாமல் போனான் என்றேன்.
இது நானே அந்த நிமிடம் செய்த பொய்.

விளாடோ தன் வழுக்கையைத் தடவிச் சிரித்தார்.
"மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும்
முடிச்சுப் போடுகிறாயே!"
என் கிளாஸிலிருந்து பியர்
முதல் சுற்றுத் தேர்வின் மேல் சிந்தியது.

"மருத்துவப் பரிசோதனை முடிந்ததாம்" என்றாள்
கைபேசியிலிருந்து கண்ணெடுக்காத நெரிடா.
அப்படியென்றால் அவர்களும் பார்த்திருக்கிறார்கள்.
பார்த்துவிட்டே வாங்குகிறார்கள் என்றால்
பார்த்த நான் மட்டும் ஏன் நடுங்க வேண்டும்?
அல்லது
அவர்கள் பார்த்தது எந்தக் கால்?

ஏழு இருபத்தாறு. தொலைக்காட்சியில் அவன் முகம்.
கூடம் கூரையைப் பிய்த்தது.
நானும் கத்தினேன், மறைப்பானேன்,
விளாடோவைக் கட்டிக்கொண்டேன்,
பதினேழு வருடம் எனக்கும்தானே.
டிமோஸ் மட்டும் மஃப்ளரை மடித்துக்கொண்டிருந்தார்,
நான்காக, பிறகு எட்டாக.
"ஞாயிற்றுக்கிழமை" என்றார்.
அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

மார்ச். முதல் ஆட்டம்.
நடுவர் எறிகிறார்.
நாற்பதாயிரம் பேர்
மேலே, அவன் விரல் நுனியைப் பார்க்கிறார்கள்.
நான் கீழே பார்க்கிறேன்.
இறங்கினான். ஓடினான்.
இரண்டாம் முறையும் இறங்கினான், ஓடினான்.
விளாடோ தோளில் குத்தினார்: "சொன்னேனா இல்லையா?"
"சொன்னீர்கள்."
மூன்றாம் முறை அவன் எழும்பியபோது
பெஞ்சுக்கு அடியில்
என் இடது கால் தானாகத் தூக்கிக்கொண்டது,
பாரத்தையெல்லாம்
வலதில் போட்டபடி.