சாய்கோடு

சேவையகத்துக்கு ஞாபகம் கிடையாது.
இப்போதுதான் பெயர் சொல்லியிருப்பாய்;
அடுத்த பக்கத்தில் போய் நின்றால்
யார் நீ என்கிறது.
திமிரில்லை. அதன் பிறப்பு அப்படி.
ஆகையால் நாங்கள்தான், பிரிக்பீல்ட்ஸில் ஏழாம் மாடியில்,
சொன்னதைச் சுமந்து போக வழி செய்கிறவர்கள்:
படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத கட்டமொன்றில் வைக்கலாம்,
உலாவியின் சட்டைப்பையில் குக்கியாகச் செருகலாம்,
அவசரமென்றால்
முகவரியிலேயே சேர்த்து எழுதிவிடலாம்.

எனக்கு அவசரம்.
மலிவு வீட்டு விண்ணப்பம், மூன்று பக்கம்,
திங்கள் காலை எட்டுக்குத் திறக்க வேண்டும்.
டான் சோதனை ஒன்று, போனான், வந்தான்.
அலி சோதனை இரண்டு, போனான், வந்தான்.
பூன் கியாட் கட்டைவிரல் காட்டினான்.
கீழே இறங்கி ஐஸ் மைலோ குடித்தோம்.

ஒன்பது நாற்பதுக்குத் தொலைபேசி.
செந்தூல் பாசார் பக்கம் தையல் கடை.
"தம்பி, எங்கப்பா பேரப் போட்டா
பக்கம் காணோம்னு சொல்லுது லா."

பதிவைத் திறந்தேன்.
பவளராணி ஏ/பி குஞ்சிதபாதம்.
இன்னார் மகள் என்று சொல்ல இந்த நாட்டில்
இரண்டு எழுத்து, நடுவில் ஒரு சாய்கோடு.
முகவரிக்கோ சாய்கோடு என்றால் கதவு.
'பவளராணி ஏ' என்பது ஓர் அறையென்று நம்பி
உள்ளே போயிருக்கிறது சேவையகம்.
அந்த அறைக்குள்
'பி குஞ்சிதபாதம்' என்றொரு பக்கத்தைத் தேடியிருக்கிறது.
நானூற்று நான்கு.
அப்படி யாரும் இங்கில்லை.

மூன்று முறை தேடவைத்திருக்கிறாள்.
நான்காம் முறை அப்பாவை அழித்துவிட்டு
வெறும் பவளராணியாக வந்தாள். விட்டது.
கடைசிப் பக்கத்தில் மைகாட்டோடு ஒத்துப் பார்த்து
பெயர் பொருந்தவில்லை என்று
சிவப்பில் சொன்னதும் நான் எழுதிய நிரல்தான்.

சோதனையில் ஏன் பிடிபடவில்லை?
பூன் கியாட் கேட்டான், பில்லைச் சரிபார்க்கிறவன் குரலில்.
டானுக்குக் கோடில்லை, அலிக்குக் கோடில்லை என்றேன்.
சொல்லாமல் விட்டது, எனக்கு இருக்கிறது.
இளம்பரிதி ஏ/எல் மாசிலாமணி.
விமானச் சீட்டில் நான் ஏஎல்.
வங்கிச் செயலியில் அந்த இடத்தில் ஓர் இடைவெளி.
'செல்லாத எழுத்து' என்று எது சொன்னாலும்
பின்னோக்கி ஒரு தட்டு, அப்புறம் தொடர்வது.
பதினைந்து வருடத்தில் விரல் அதைப் படித்துக்கொண்டது.
அந்த விரல்தான் இதையும் எழுதியது.

முதலில் முகமூடி போட்டுப் பார்த்தேன்.
சாய்கோட்டுக்கென்று ஒன்று உண்டு:
சதவீதக் குறி, இரண்டு, எஃப்.
எங்கள் சேவையகம்
முகமூடிக்காரர்களையும் வாசலில் நிறுத்துகிற ரகம்.
பிறகுதான் உறைத்தது,
கடிதத்தை உறையின் மேலேயே எழுதி
ஊரெல்லாம் படிக்க அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.
பெயரை எடுத்து உறைக்குள் போட்டேன்.
உள்ளே எத்தனை கோடு வேண்டுமானாலும் கிடக்கட்டும்,
பிரித்துப் பார்க்கிறவன் பார்த்துக்கொள்வான்.
சேவையகத்தின் இழுப்பறையில் அதற்கோர் இடம்,
அவள் கையில் இழுப்பறையின் எண் மட்டும்.

இழுப்பறை இருபது நிமிடத்தில் தானாகக் காலியாகும்.
நாற்பது ஆக்கினேன்.
யாரையும் கேட்கவில்லை.
நடுவில் யாராவது ரவிக்கைக்கு அளவு கொடுக்க வரலாம்.

பன்னிரண்டேகாலுக்கு மறுபடி வந்தாள்.
முதல் பக்கம், ஒரு நிமிடம்.
இரண்டாம் பக்கம், மாத வருமானம் கேட்கிற இடம்,
இருபத்தாறு நிமிடம்.
பதிவேட்டில் ஒன்றும் அசையவில்லை.
என் கோப்பி ஆறியது.
அப்புறம் மூன்றாம் பக்கம்.
குஞ்சிதபாதம் கூடவே வந்திருந்தார்.

சோதனைப் பட்டியலை என் பக்கம் தள்ளி
மூன்றாவதாக ஒரு பெயர் போடு என்றான் பூன் கியாட்.
தட்டினேன்.
விரல் பழக்கத்தில் பின்னோக்கி ஒரு முறை போனது.
திரும்பி வந்து
கோட்டைப் போட்டேன்.