பெரிய எழுத்தில் ஆம்

இரவு பத்தே முக்காலுக்கு ஃபோன்.
எடைப்பாலத்தில் கணினி இருக்கிறதாம், பிரிண்டர் இருக்கிறதாம்,
இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று இல்லையாம்.
"அக்கா, நான் ஒண்ணுமே செய்யல" என்கிறான்
கிராணி யுவேந்திரன்.
ஒன்றும் செய்யாதவர்கள் அழைக்கும் நேரம் இதுதான்.

பெஸ்தாரி ஜெயாவிலிருந்து செம்பனை ஆலைக்கு
மழையில் பத்தொன்பது நிமிடம்.
வாசல் தாண்டிச் சாலைவரை லோரிகள்.
குலை வெட்டி ஒரு பகல் ஆயிற்று,
இன்னும் கிடந்தால் எண்ணெயில் புளிப்பு ஏறும்
விலை இறங்கும்.
ரோஸ்லான் சக்கரத்தில் சாய்ந்து மைலோ உறிஞ்சுகிறார்.
என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுகிறார்.

கறுப்புத் திரை. வெள்ளைக் கோடொன்று கண்சிமிட்டுகிறது.
மேலம்பை அழுத்தினால்
அவன் தட்டியதெல்லாம் ஒவ்வொன்றாய்த் திரும்பி வருகிறது.
வட்டில் இடமில்லையென்று
பேர் புரியாத ஒரு பொதியை நீக்கியிருக்கிறான்.
இயந்திரம் மரியாதையாகத்தான் சொல்லியிருக்கும்:
இதை நம்பி நிற்கும் இவையும் போகும்,
இவையும்,
இவையும்.
பதினேழு பெயர். கடைசிக்கு முந்தியது பிரிண்டர்.
தொடரலாமா? ஆம், இல்லை.
ஆம் மட்டும் பெரிய எழுத்தில்.
ஒன்றும் சொல்லாமல் என்டரைத் தொட்டால்கூட
ஆம் என்றே எடுத்துக்கொள்ளும்.

மௌனம் சம்மதம்.
எனக்கும் அப்படித்தான் முடிந்தது
கோலசிலாங்கூரில், மாமா வீட்டு ஹாலில்
தட்டில் கேசரி ஆறிக்கொண்டிருக்க.
கூடப் போகிறவை எவை என்று
பட்டியலை யாரும் வாசித்துக் காட்டவில்லை.

நிறுவு என்கிறேன். கடவுச்சொல் கேட்கிறது.
நாலு வருடம் முன் இந்தக் கணினியை அமைத்தவள் நான்.
அன்றைக்கு வைத்தது
அவருடைய முதல் மோட்டார் சைக்கிளின் நம்பர்.
தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூட விழாது.
பக்கத்தில் நிற்கும் யுவேந்திரனுக்கு
நான் சும்மா யோசிப்பதுபோல இருக்கும்.

மழைக்கு இணையம் திக்குகிறது.
நாற்பது விழுக்காடு. நாற்பது.
நாற்பது.
நாற்பத்தொன்று.
"அக்கா, மேனேஜருக்குத் தெரியவேணாம்."
சரி.

பிரிண்டர் கனைக்கிறது. முதல் சீட்டின் தலையில்
பத்தாங் பெர்ஜுந்தை.
"இது பழைய பேராச்சே!"
புதுப்பேர்த் திருத்தம் அந்தப் பதினேழோடு போய்விட்டது,
அடியில் கிடந்தது மேலே வந்திருக்கிறது.
நீக்கு என்றால் பொதி மட்டும்தான் கிளம்பும் தம்பி,
அதன் அமைப்புக் கோப்பு மூலையில் தங்கும்.
வேரோடு துடைக்க வேறு சொல் இருக்கிறது.
அதை நான் அதிகம் தட்டியதில்லை.

ரோஸ்லான் சீட்டை வாங்கி எடையை மட்டும் பார்த்து
சட்டைப்பையில் செருகிக்கொள்கிறார்.
நான் ஒரு வரியைத் திருத்துகிறேன்.
இரண்டாவது சீட்டில் ஊர் சரியாக வருகிறது.

கடவுச்சொல்லை மாற்றவும் ஒரு வரி போதும்.
பழையதை ஒருமுறை கேட்கும்
புதியதை இரண்டுமுறை.
புதியதற்கு ஒன்றும் தோன்றவில்லை.
வெளியே இன்னும் பதினோரு லோரி.
"அடுத்தது!" என்று மழைக்குள் கத்துகிறான் யுவேந்திரன்.
பாலம் கொஞ்சம் தாழ்ந்து
தன் எண்ணைத் தேடுகிறது.