தருவேன்

வளவின் முன்மூலையில்
இரண்டு இரும்புக் கால்கள் முன்பே நின்றன.
கடல் வந்துபோன அடுத்த வருசம்
அத்திவாரம் வெட்டமுதலே நட்டது.
எந்த நாட்டுச் சனத்தின் காசு,
எத்தனை சதுர அடி என்றெல்லாம்
பதினெட்டு வருசம் ரோட்டுக்குச் சொல்லிய தகரம்.
இப்போது துருவுக்குள்
ஒரு கொடியில் பாதி,
அன்பளிப்பில் ‘ளிப்பு’ மட்டும் மிச்சம்.

அதற்கு எந்தச் சபையும் காசு கேட்கவில்லை.

எனக்குக் கேட்டார்கள்.
களுவாஞ்சிகுடியில் மூன்றாம் மேசை.
விண்ணப்பத்தில் ஒரு கட்டம்:
காணிச் சொந்தக்காரரின் சம்மதம்.
“அவரைக் கூட்டிக்கொண்டு வாங்க.”
சீதனக் காணி. உறுதி என் பெயரில்.
மேசைக்காரர் பார்த்திருக்க
எனக்கு நானே சம்மதம் கொடுத்தேன்,
இரண்டு இடத்தில், ஒரே கையெழுத்து.

அளக்க வந்த பொடியன்
நடு வெள்ளைக் கோட்டில்
நாடாவின் நுனியை மிதிக்கச் சொன்னான்.
கல்முனைப் பக்கமிருந்து லொறி வந்தது.
மிதித்தபடியே நின்றேன்.
“பழைய கால் ஒண்டரை அடி முன்னுக்கு நிக்குது அக்கா.”
பதினெட்டு வருசமா நிண்டதுதானே தம்பி.
“அது வேற.”

அலவாங்கு போட்டு இரண்டு நாள்.
கொங்கிறீற்றுக்கு அடியில் மணல்,
மணலுக்குள் ஒரு சின்னச் செருப்பின் வார்.
ஆருடையதென்று நினைக்கத் தொடங்கி
நிறுத்தி
மூடினேன்.

பெரியகல்லாற்றுக்கு எழுத வந்தவர்
மருதமுனை ஜெஸீல்.
“பிறின்ட் மலிவு. உப்புக்காத்துக்கு ஆறு மாசம்.
எனாமல் எண்டா எழுத்துக் கணக்கு.”
பீடிக்கட்டுத் தாளில் எழுதிக் காட்டினார்:
தண்ணீர் மோட்டர் சுற்றித் தரப்படும்.

ஆரால்?
கச்சான் காற்றா வந்து சுற்றும்?
செம்புக்கம்பி அறுத்த விரல் இது.
சோறு பிசைந்தாலும்
வார்னிஷ் மணக்கிற நகம் இது.
“தருவேன் எண்டு போடுங்க.”
“போட்ல ஆரும் அப்பிடி எழுதுறல்ல தங்கச்சி.
தரப்படும், விற்கப்படும், ஒட்டப்படும்.
அதுதான் முறை.”

எண்ணினோம்.
தரப்படும், ஆறு எழுத்து.
தருவேன், நாலு.
இரண்டு எழுத்துக் காசு மிச்சம் என்றதும்
முறையை விட்டுவிட்டுத்
தூரிகையை நனைத்தார்.

பேரின்பம் மூன்று நாள் பேசவில்லை.
பஸ்ஸில் மிதிபலகையில் தொங்கி
ஒரு நாளைக்கு ஆறு தரம் வீட்டைக் கடக்கிற மனிசன்.
“அம்புக்குறி எங்கட படுக்கையறை ஜன்னலைக் காட்டுது,”
நாலாம் நாள் சொன்னது இதுதான்.
உண்மை.
உடுப்புக் கொடி கிணற்றடிக்குப் போனது.
ஜன்னலுக்குத் திரைச்சீலை வந்தது.
இரவில் லைட் அடித்துக் கிறுகுகிற வாகனமெல்லாம்
என் எழுத்தை ஒருதரம் சுவரில் நிழலாக்கிப் போகும்.

முதல்முதல் நின்றது ஒரு வான்.
மண்டூருக்கு எந்தத் துறையால் போவது?
மறுகா ஒருவர் மோர் கேட்டார்.
மறுகா ஒருவர் தலையை நீட்டி,
“அண்ணன் நிக்கிறாரா?”
இல்லையென்று சொன்னேன்.
போய்விட்டார்.
போட்டை வாசித்துவிட்டுத்தான் போனார்.

மூன்றாம் கிழமை
துறைநீலாவணையிலிருந்து ஒரு கிழவர்,
சைக்கிள் கரியரில் சாக்கு,
சாக்குக்குள் எரிந்த பம்பு.
எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தார்.
“த-ரு-வே-ன். ஆர்?”
நான்தான்.
கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தார்,
சாக்கை இறக்கினார்.
“மிளகாய்க் கண்டு வாடுது. கெதியாக் கட்டு.”

பழைய தகரம் கோழிக்கூட்டுக் கூரையில்.
பாதிக்கொடி உள்பக்கம்.
ஆர் தந்த நிழலென்று
கோழிகள் அண்ணாந்து வாசிக்கலாம்.

நேற்றுப் பின்னேரம்
கம்பியைப் பல்லில் கடித்தபடி
நூற்றுப் பதினெட்டாம் சுற்றில் இருந்தேன்.
ரோட்டில் பிரேக் சத்தம்.
கோயிலடிக்கும் சந்தியடிக்கும் நடுவில்
இதுவரை எவரும் இறங்காத இடத்தில்
அந்தத் தெரிந்த குரல், கரகரவென்று:
“மோட்டரடி!
மோட்டரடி ஆரும் இறங்கிறயா?”

ஒருவரும் இறங்கவில்லை.
மணி அடித்தது. பஸ் போனது.

எத்தனையில் விட்டேன்?
கம்பியைக் கழற்றி
ஒண்டு
என்று தொடங்கினேன்.