பதினேழாம் நம்பர் நின்ற இரவு

பூலுடையாரிடம் பொய் செல்லாது.
சீட்டைப் பார்க்காமலே ஆடுகிறவர்.
தன் கையில் என்ன இருக்கிறதென்றே தெரியாத ஆளை
என் கையில் ஏதோ இருப்பதாக எப்படி நம்ப வைக்க?
‘பிளைண்டு அஞ்சு’ என்பார்.
மறுபடியும் ‘பிளைண்டு அஞ்சு’,
உண்டியலில் போடுகிற மாதிரி.

ஜெபசிங்கிடமும் செல்லாது.
“அஞ்சு ரூவாய்க்கு இப்பம் என்னல கிடைக்கு?
பாதி வடை.
அதுக்கு உம் முழிய பாத்துட்டுப் போறேன்.”
காசைத் தள்ளி ஷோ கேட்பான்.
தோற்றாலும் சிரிப்பவன் அவன்,
ஜெயித்தாலும் சிரிப்பவன் அவன்.

பணகுடிக்குத் தெற்கே
காற்றாலைக்காரர்களின் செக்யூரிட்டி அறை.
ஆடி மாதம்.
கதவைச் சாத்தினால் கதவு அடிக்கும்,
திறந்தால் சீட்டு பறக்கும்.
கவிழ்த்த சீட்டின் மேல்
ஆளுக்கொரு நட்டு வைத்திருப்போம்,
இறக்கை மாட்டுகிற நட்டு, முஷ்டி கனம்.
மூன்று மாதம் அந்த அறையில் பொய் சொல்லிப் பார்த்தேன்.
தொண்டையைச் செருமினேன், செருமாமல் இருந்தேன்,
டீ கிளாஸை மெதுவாக வைத்தேன்.
சின்னக் காசுக்கு ஆடுகிறவர்கள்
உண்மையைத் தெரிந்துகொள்ளத்தான் காசு போடுகிறார்கள்.
இரக்கமே கிடையாது.

அன்றைக்குப் பதினேழாம் நம்பர் நின்றுவிட்டது.
பூலுடையார் டார்ச்சோடு போனார்,
ஜெபசிங் ஸ்பானர் பையோடு பின்னால்.
மிச்சம் நாங்கள் மூன்று பேர்.
காஜா சீட்டைப் பார்த்தான், கவிழ்த்தான்,
போனை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான்.

எனக்கு வந்தது
ஆட்டின் ரெண்டு, கிளாவர் அஞ்சு, இஸ்பேட் எட்டு.
வீட்டில் ஒருவருக்கொருவர் பேசாத மூன்று பேர்.

பத்து போட்டேன். சேர்மதுரை பத்து.
இருபது போட்டேன்.
அவன் இருபது போடுமுன்
சட்டைப் பையை ஒரு தடவை தொட்டான்.
எடுக்கவில்லை, தொட்டான்.
எண்ணாமலே எண்ணுகிற விரல்.
அப்புறம் எடுத்துப் போட்டான்.

அந்த விரலைத்தான் பார்த்தேன்.
அதற்கப்புறம் என் சீட்டை நான் பார்க்கவே இல்லை.
நாற்பது போட்டேன்.

வெளியே மற்ற மெஷின்கள் எல்லாம்
உஸ் உஸ்ஸென்று சுற்றிக்கொண்டிருந்தன.
சிவப்பு விளக்கு அணைந்து எரிந்தது, அணைந்து எரிந்தது.
“நீ எடுத்துக்க,” என்றான்.
அவன் நட்டை நகர்த்தியதும்
காற்று அவன் சீட்டைப் புரட்டிப் போட்டது.
ரெண்டு ராஜா.

என் மூன்றையும் கட்டுக்கு நடுவில் செருகினேன்.
நடுவில் கிடந்தது நூற்றுப் பதினைந்து.
அதில் என்னுடையதே எழுபத்தைந்து.
ஆக ஜெயித்தது நாற்பது,
அதிலும் காஜாவின் அஞ்சு போக
முப்பத்தைந்து அவனுடையது.
கணக்கு இத்தனை துல்லியமாக
வேறு எந்த இரவும் எனக்கு நினைவில்லை.

பூலுடையார் வந்து கேட்டார்,
“யாருல அடிச்சது?”
“நான்தான்.”
“என்ன சீட்டு?”
“கலர்,” என்றேன்.
தேவையே இல்லை.
ஆட்டம் முடிந்த பிறகு சொன்ன பொய்.

காலையில் ஷிப்டு முடிந்து பைக்கில் வருகிறேன்.
லெவிஞ்சிபுரம் சாலையில் சேர்மதுரை நடந்து போகிறான்.
மினி பஸ் அவனைத் தாண்டிப் போனதை
தூரத்திலிருந்தே பார்த்தேன், கை காட்டவில்லை.
சட்டை முதுகில் உப்பியிருக்கிறது,
முடியெல்லாம் செம்மண்.

நிறுத்தினேன். “ஏறுல.”

“இல்லண்ணே. சும்மா நடக்கேன்.
காத்து நல்லாருக்கு.”

ஆடிக் காற்று. வாயைத் திறந்தால் மணல்.
அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை,
ஒரு இமை கூட இல்லை.
என் பையில் அவன் முப்பத்தைந்து ரூபாய் அப்படியே மடிந்து.

எடுத்து நீட்டினால் போதும்,
தெரிந்துவிடும் யார் கையில் என்ன என்று.

“சரிடே,” என்றேன்.
கியரைப் போட்டேன்.